ஸாக்ஸ் கத்தியும் அதன் உறையும்

12 ஜூன், வியாழன்
காலையிலேயே காற்று. கொட்டகைத் தகரம் தடதடவென்று அடிக்கிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய கத்தி இன்று உருவத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் ஆயிரம் வருடம் முன்பு இடுப்பில் கட்டிக்கொண்ட வகை. ஸாக்ஸ் என்று பெயர். ஒரு பக்கம்தான் கூர். முதுகு நேராக வந்து, நுனிக்கு நாலு விரல் முன்னால் சட்டென்று சரியும். படம் பார்த்துச் செய்வதுதான். யாரும் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் விபத்துக்குப் பிறகு கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி இல்லை. இந்தக் கை இனி வேலைக்கு ஆகுமா, தெரிய வேண்டும்.
மனைவி பத்மா எட்டிப் பார்க்கவில்லை. விபத்து நடந்த இந்த எட்டு மாதமாகக் கொட்டகைப் பக்கமே வருவதில்லை.

14, சனி
கத்தியைக் காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி, கெட்டிப்பட எண்ணெயில் தோய்த்தேன். விரிசல் இல்லை. அரம் வழுக்குகிறது, அவ்வளவு கெட்டி. பிறகு, முறியாமல் இருக்க, மிதமான சூட்டில் பத்மாவின் ஓவனில்.
"ரெண்டு மணி நேரமா என்ன வேகறது?"
"இரும்பு."
பேச்சு அவ்வளவுதான்.
வாங்க: உப்புத்தாள், பி.பி. மாத்திரை, மெழுகு நூல்.

17, செவ்வாய்
தென்னூர். பஸ்ஸில் நின்றபடியே. பை தைக்கும் காதர் பாய் உறைக்குத் தோல் கொடுத்தார்.
"நானே தைச்சுத் தரேங்க. உங்க கை..."
"இல்ல பாய். நான்தான் தைக்கணும்."
வீட்டு வாசலிலேயே பத்மா மறித்தாள். "ஆத்துக்குள்ள தோலா? பெருமாளுக்குத் தளிகை பண்ற இடம். கொட்டகையோட வச்சுக்கோங்கோ."

19, வியாழன்
புழுக்கம். நனைத்துக் கத்தி மேல் மடித்த தோல் காய்ந்துவிட்டது. தையல். ஒரு நூல், இரு முனையிலும் ஊசி. இருபது தையல் வரை சரி. பிறகு பார்த்தால் தோலெல்லாம் சிவப்பு. ஊசி விரலில் இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை. வலித்திருந்தால் தேவலை.
குழாயடியில் கை கழுவும்போது பத்மா பார்த்துவிட்டாள். விடுவிடுவென்று கொட்டகைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியை எடுத்திருந்தாள்.
"ரெண்டு ஊசியும் ஒரே துளையில வரணுமா?"
"ஆமாம்."
"நீங்க உறையைப் பிடிச்சுக்கோங்கோ. அது முடியுமோன்னோ?"
முடிந்தது. வேலை ஆனதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குப் போனாள்.

20, வெள்ளி
தூறல். கத்தியை உறையில் இறக்கித் தலைகீழாகப் பிடித்தேன். விழவில்லை. விரல்கள் பழையபடி வராது என்று டாக்டர் சொன்னதை இன்றுதான் அவளிடம் சொன்னேன்.
"தெரியும்" என்றாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நுனியில நாலு தையல் கோணல். பிரிச்சுப் போடறேன்."
போதும், விடு என்றேன். கேட்கவில்லை. அந்தக் கத்தியாலேயே பிரிக்கிறாள்.