காபி குடிக்காமல் போனவன்

செப்டம்பர் 28, ஞாயிறு இரவு

நேற்று எங்கள் எடிசன் ஊரில், வசந்தா ஆன்ட்டி வீட்டுக் கொலுவில் பாடச் சொன்னார்கள். சும்மா இருக்காமல் கிடாரை எடுத்து, அமெரிக்கக் கிராமத்து ப்ளூஸ் மெட்டில் நானே எழுதிய பாட்டைப் பாடித் தொலைத்தேன். விடியக்காலையில் புருஷன் ரயிலேறிப் போய்விடுகிறான், போட்டுவைத்த காபியைக்கூடத் தொடவில்லை. பாட்டு அவ்வளவுதான். ப்ளூஸில் எல்லாரும் 'நான்' என்றுதான் அழுவார்கள். அதற்காக அது நானா?

இன்று காலையில் ஆன்ட்டி ஒரு டப்பா புளியோதரையோடு வந்துவிட்டார். வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் ஓகேதானேம்மா? கவுன்சிலிங் போறதுல தப்பே இல்ல" என்றார். மத்தியானம் திருச்சியிலிருந்து அம்மா போன். "மாப்பிள்ளை உன்னை விட்டுட்டுப் போயிட்டாராமே?" மாப்பிள்ளை அப்போது சோபாவில் உட்கார்ந்து அந்தப் புளியோதரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இதே கூட்டம் சினிமா சோகப் பாட்டுக்குக் கை தட்டும். பாடியவள் வீட்டுக்கு யாரும் டப்பா எடுத்துக்கொண்டு போவதில்லை.

இதெல்லாம் போதாதென்று, படுத்த பிறகு ரவியும் கேட்டான்.

"நெஜமா சொல்லு, அந்தப் பாட்டு என்னைப் பத்தியா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவனுக்காவது ஒழுங்காக விளக்கிச் சொல்லலாம் என்று யோசித்துத் திரும்பினேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

எத்தனையோ நாளாக வராமல் இழுத்தடித்த இரண்டாவது சரணம் இப்போது வந்துவிட்டது. இது அவனைப் பற்றித்தான்.