மாயக்கா வளைவில் நின்ற ஜீப்பு

அன்பு மகள் வித்யாவுக்கு அம்மா மாயக்காள் எழுதுவது. போடியில் எல்லோரும் நலம். இந்தத் தடவை அது வழக்கத்துக்கு எழுதும் வார்த்தை இல்லை, நிஜமாகவே நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மாமா மகள் முத்துப்பிரியா. எனக்குச் சொல்லத்தான் கூச்சம், அவளுக்கு எழுதக் கூச்சமில்லை. உடம்பைப் பற்றித்தானே அத்தை என்கிறாள்.

வீடியோவில் பேசும்போதே நான் எழுந்தெழுந்து ஒன்றுக்குப் போவதைக் கண்டுபிடித்து நீ அதட்டியதால்தான் தேனிக்குப் பெண் டாக்டரிடம் போனேன். மாதவிலக்கு நின்ற பிறகு வந்த இந்த எரிச்சலும் அவசரமும் வயசுக்கு வருவதுதான் என்று இருந்துவிட்டேன். ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற நாளில் விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டேன். அப்படியும் அடக்க முடியாமல் பாதி மலையில் ஒரு வளைவில் இறங்கி ஓடுவேன். மேலத்தெரு கருத்தம்மா அதற்குப் பேரே வைத்துவிட்டாள், "மாயக்கா வளைவு வந்திருச்சு, நிப்பாட்டுப்பா சுருளி" என்று. ஜீப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவேன். இனி மலைக்கே போவதில்லை என்று நின்றும்விட்டேன்.

டாக்டர் சிறுநீரைச் சோதித்து, மார்பில் கட்டி உண்டா, ரத்தப்போக்கு உண்டா என்றெல்லாம் கேட்டார். ஹார்மோன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டதுதான் காரணம், தண்ணீரை நிறுத்தியது இன்னும் கெடுதல் என்றார். உள்ளே வைக்க ஹார்மோன் களிம்பு எழுதிக் கொடுத்தார். திரும்பவும் மாதவிலக்கு வருமோ, புற்றுநோய் வருமோ என்று பயந்தேன். இது குறைந்த அளவு, ரத்தத்தில் கலப்பது ரொம்பக் கொஞ்சம் என்று பொறுமையாகச் சொன்னார். உடனே குணம் தெரியாததால் நிறுத்தப் பார்த்தேன். சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதை முத்துப்பிரியாதான் நினைவுபடுத்தினாள். இப்போது எரிச்சல் இல்லை, ராத்திரி தூங்குகிறேன்.

திங்கட்கிழமை மறுபடி மலைக்குப் போனேன், தண்ணீர் குடித்துவிட்டுத்தான். டிரைவர் சுருளி வழக்கம்போல அந்த வளைவில் ஜீப்பை நிறுத்தினான். "நீ போப்பு, எனக்கு இங்கன சோலியில்ல" என்றேன். ஆனால் பின்னாலிருந்து கருத்தம்மா தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனாள். யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள், நான் விடவில்லை. திரும்பி வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டாக்டரைப் பற்றிக் காதில் சொன்னேன். "வெரசா என்னையுங் கூட்டிட்டுப் போக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை போகிறோம்.

அங்கே வேலைக்குத் திரும்பும் நம்ம ஊர் பால்பாண்டியிடம் ஏலக்காய் கொடுத்துவிடுகிறேன், ஈரம் படாமல் வை. வேலை மும்முரத்தில் நீயும் அடக்கிக்கொண்டு இருக்காதே, தண்ணீர் குடி. பெற்றவளை அதட்டிக் காப்பாற்றிய உன் வாய் என்றும் நன்றாயிருக்கட்டும், ஆத்தா.

உன் அம்மா,
மாயக்காள்