உயிரோடிருக்கும் அண்ணைக்கு ஒரு செத்தவீடு

லாசால், மொன்றியல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிறகரி அண்ணைக்கு,

தங்கை இமெல்டா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை, உங்கள் மகள் ஜென்சி லண்டனிலிருந்து எல்லாம் சொல்லிவிட்டாள். சீனி வருத்தம் முற்றி இடக்கையில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டனவாம். அவற்றை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்ல, கிற்றார் பிடிக்கிற விரலைத் தரமாட்டேன் என்று எழும்பி வந்துவிட்டீர்களாம். டெலிபோனையும் எடுக்கிறீர்கள் இல்லை. அதனால்தான் கடிதம்.

போன கிழமை இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். உங்கள் சுகத்துக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி என் மனுசன் அருமைராசாவைக் கோயிலுக்கு அனுப்பினேன். அவர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டார். நம்மவர்கள் பூசைக்குக் கொடுப்பது பெரும்பாலும் செத்தவர்களின் பெயர்தானே, எழுதியவர் உங்களையும் செத்தவர் பட்டியலில் சேர்க்க, சுவாமி அதைப் பூசையில் வாசித்துவிட்டார். முழங்கால் வலியால் அன்று நான் பூசைக்குப் போகவில்லை. இவரோ கார் நிறுத்த இடம் தேடித் தேடிப் பாதிப் பூசைக்குத்தான் உள்ளே போனார்.

மத்தியானம் கதவைத் திறந்தால், பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த எங்கள் கோயில் சிநேகிதி நல்லம்மா அக்கா ஒரு சட்டி சொதியோடு நிற்கிறா. "ஐயோ இமெல்டா, கொண்ணை எங்களை விட்டுப் போட்டாரே!" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினா. எனக்கு முன்னரே அவவுக்குச் செய்தி வந்துவிட்டது என்று நினைத்தேன் அண்ணை. நானும் குழறினேன். ஜென்சிக்கு டெலிபோன் எடுத்தேன். நீங்கள் தேத்தண்ணியில் சீனி போதாது என்று சண்டை பிடிப்பதாக அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குள் வீடு நிறைய ஆட்கள். நீங்கள் உயிரோடிருப்பது தெரிந்தும் ஒருவரும் போகவில்லை. இடியப்பத்தையும் கறியையும் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு உங்களைப் பற்றியே கதைத்தார்கள். வந்தவர்களில் வயதில் மூத்தவரான அருமைநாதன் அந்தக் காலத்தில் லண்டனில் படித்தவராம். ஒரு கோப்பிக் கடையின் நிலவறையில் வெள்ளைக்காரப் பொடியன்களுக்குத் தலைவராகக் கிற்றாரோடு நின்று, வீட்டுச் சாமான்களை வாத்தியமாக்கும் ஸ்கிபிள் சங்கீதத்தை நீங்கள் வாசித்ததைப் பார்த்தாராம். ஒருவன் உடுப்புத் தோய்க்கும் தகரப் பலகையை உரசினானாம், இன்னொருவன் தேயிலைப் பெட்டியில் வீடு கூட்டுகிற தும்புத்தடியை நட்டுக் கயிறு கட்டி இழுத்தானாம். பெட்டியில் சிலோன் என்று எழுதியிருந்ததைக் கண்டு தனக்கு அழுகை வந்தது என்றார்.

மின்சாரக் கிற்றார் வந்ததும் உங்கள் பாட்டுகளைப் போட்ட இசைத்தட்டுக் கொம்பனி உங்களைக் கைவிட்டதையும், நீங்கள் ரயில்வேயில் வேலைக்குப் போனதையும் அவர்தான் சொன்னார். சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா கிற்றார் பழக்கினீர்களாமே. அவர்களில் சிலர் பேர்பெற்ற பாட்டுக்காரராகி, கிறகரிதான் எங்களுக்கு வாத்தியார் என்று இன்றும் றேடியோவில் சொல்கிறார்களாம். ஏன் இதையெல்லாம் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை? படிக்கப் போனவன் தகரம் தட்டுகிறான் என்று ஐயா ஏசியது மட்டும்தான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

விரல் போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஜென்சி சொன்ன அன்று இரவெல்லாம் அழுதேன். ஆனாலும் அண்ணை, தும்புத்தடியிலும் தேயிலைப் பெட்டியிலும் சங்கீதம் எடுத்த கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவருக்கு எட்டு விரல் போதாதா?

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதா உங்களைக் கைவிடமாட்டா. ஐயா அம்மா போய்விட்டார்கள், மற்றச் சகோதரங்களும் போய்விட்டார்கள். இந்த உலகத்தில் அண்ணை என்று நான் கூப்பிட நீங்கள் ஒருவர்தான் மிச்சம். அந்தச் சொல்லை என்னிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

உங்கள் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
இமெல்டா