இறக்கையை வெட்டிவிட்ட பேனர்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது தினமும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போன என் ஆசை வீட்டுக்காரருக்கு, உங்கள் சரோஜா எழுதுவது.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் உங்களிடம்தான் வந்து நின்றிருப்பேன். இப்போதும் உங்களிடமே முதலில் சொல்கிறேன்.

நம் பேத்தி திவ்யா கேமரா வாங்கியது உங்களுக்குத் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் எடுப்பதெல்லாம் வயசானவர்களையும் பழைய ஏரோப்ளேன்களையும்தான். "இது ரெண்டுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டேன். "ரெண்டுமே அசையாம நிக்கும் ஆயா. வெயில் பட்டா உடம்புல இருக்கிற ஒவ்வொரு கோடும் தெரியும்" என்றாள். என் மூஞ்சியையே முப்பது தடவை எடுத்திருக்கிறாள். கீரைக்காரம்மாவிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை காட்டிவிட்டேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் பேத்தியைப் பற்றிப் பெருமை பேசினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

போன மாசம், உங்களோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த ஆரோக்கியம் அண்ணனை விமான மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். நீங்களும் அவரும் சேர்ந்து ரிவெட் ஆணி அடித்த பயிற்சி விமானம் ஒன்று அங்கே தோட்டத்தில் நிற்கிறது. ஃபேக்டரிக்குள் கேமரா கொண்டுபோக விடமாட்டார்கள் அல்லவா? அத்தனை வருஷம் ப்ளேன் செய்த மனுஷருக்கு ப்ளேனோடு ஒரு போட்டோ கிடையாது. உங்களுக்கும் கிடையாது. அண்ணன் இறக்கையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மாட்டுக்கு ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி. திவ்யா அதை எடுத்துவிட்டாள்.

அவள் எடுத்த படங்களை நாளை, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, நம் தெருச் சங்கக் கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. நான் சும்மா இருந்தேனா? அவளுக்குத் தெரியாமல் அண்ணன் படத்தைப் பெரிய பேனராகப் போட்டு நம் ஏரியா நீலசந்திரா முழுக்கப் பார்க்க வைக்கலாம் என்று நேற்று ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பேரு?"

"ஆரோக்கியம்."

"வயசு?"

"எண்பத்திரண்டு."

"கிறிஸ்டியனா மா?"

"ஆமா பாய்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. சங்கத்துல."

பாய் பேனாவை மூடிவிட்டு, "எல்லாம் ஆண்டவன் கையில" என்றார். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பேனரை வாட்ஸப்பில் அனுப்பிச் சரியா என்று கேட்டார். மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. எழுந்து போய் எடுக்கவில்லை. அண்ணன் முகம் மட்டும் தெரிந்தது. சரி என்று கட்டை விரல் படத்தை அனுப்பிவிட்டேன்.

நம் ஏரியாவில் ஒரு வயசானவர் ஒத்தை ஆளாகப் பேனரில் வந்தால் எதற்கு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். உங்களுக்கும் அதே முனையில்தானே கட்டினோம்? பெருமை கண்ணை மறைத்தால் அதுகூடத் தோன்றாதா?

இன்று காலை ஆறே முக்காலுக்குப் பால் வாங்கப் போனேன். தெருமுனையில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, அண்ணன். மேலே கண்ணீர் அஞ்சலி, பக்கத்தில் சிலுவை, கீழே நல்லடக்கம் ஞாயிறு காலை பத்து மணி. ப்ளேனை வெட்டி எடுத்துவிட்டு மேகம் வைத்திருந்தார்கள். இறக்கையைத் தொட்ட கை அந்தரத்தில் நின்றது. அதற்கு அடியில் ஒரு மெழுகுவத்தி.

அண்ணன் தினமும் காலைப் பூசைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு அந்த முனை வழியாகத்தான் திரும்புவார். ஆறு மாசத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த உடம்பு. அதிர்ச்சி தருகிற எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் அவர் மகள் ஸ்டெல்லாவை எச்சரித்திருந்தார். சாவுச் சேதியே சொல்லக் கூடாத மனுஷர், தன் சாவுச் சேதியைத் தானே படிக்கப்போகிறார்.

பாய்க்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். கம்பத்தில் கட்டியிருந்த கம்பி என் கைக்கு எட்டவில்லை. பக்கத்துக் கடையில் ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியை வாங்கி மாட்டி இழுத்தேன். ஒரு முனைதான் அவிழ்ந்தது. பேனர் பாதி மடிந்து தொங்கியது. அந்த நேரம் ஸ்டெல்லா தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். யாரோ போன் போட்டுத் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

"அத்தை, அப்பா எங்க? பூசைக்குன்னு போனாரு. போன வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டாரு. என்ன ஆச்சு அத்தை?"

"ஒண்ணும் ஆகலடி. நல்லா இருக்காரு."

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவள் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இப்படி ரோட்ல நிக்கிறீங்க?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், கையில் டீ கிளாஸோடு. பூசைக்குப் போகும்போதே பார்த்துவிட்டாராம். போய் ஜெபம் செய்துவிட்டு வந்து, யார்தான் வருகிறார்கள் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

"என்னைச் சாவடிச்சீங்க, அது போகட்டும் தங்கச்சி. ப்ளேன் எங்க?" என்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அப்பா காலடியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்தபோது திவ்யா வந்து சேர்ந்திருந்தாள்.

"வயசானவங்க மூஞ்சியாப் பாத்துப் பாத்து எடுத்தியே, இதுக்குத்தானா? எங்கப்பா உனக்கு வெளையாட்டுப் பொருளாடி?"

திவ்யா பேனரைப் பார்த்தாள். என் கையிலிருந்த கொக்கியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். தெருவே பார்க்கிறது. இந்தப் பேத்தியின் ஆயா என்று இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்த தெரு. நாக்கு எழவில்லை.

"ஸாரி ஆன்ட்டி. என் தப்புதான்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கத்துக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த படங்களில் அண்ணன் படத்தை மட்டும் உருவி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். "இனிமே ப்ளேன் மட்டும் எடுக்கிறேன் ஆயா. அதுக்கு அழறதுக்கு ஆள் இல்ல." சோறு போட்டேன், சாப்பிடவில்லை.

உங்களிடம் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உங்களால் ஒரு நிமிஷம்கூடப் பொய்யைத் தாங்க முடியாதே. நான் காலையிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இது சத்தியம். நாளை விடிந்ததும் ஸ்டெல்லா வீட்டு வாசலுக்குப் போவேன். போட்டோ எடுத்தவள் திவ்யா, பேனர் போடச் சொன்னவள் நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் திட்டுவாள், கேட்டுக்கொள்வேன். அவள் சரி என்றால் அண்ணன் படத்தை முழுசாக, ப்ளேனோடு, சங்கத்தில் மாட்டுவோம். வேண்டாம் என்றால் மாட்ட மாட்டோம். எதுவானாலும் அந்தப் படத்துக்காக அடித்த ஆணிக்குக் கீழே இந்தக் கடிதத்தை என் கையாலேயே ஒட்டுவேன். பத்து மணிக்கு வருகிற நீலசந்திராக்காரர்கள் எல்லாரும் நின்று படிக்கட்டும்.

திவ்யா பேரில் ஒரு தப்பும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, திவ்யாவின் ஆயா,
சரோஜா