தரை இல்லாத பூனை

வாலு,

சாவி செருப்பு அலமாரியில், என் பழைய பூட்ஸுக்குள் இருக்கிறது. முட்டையும் ரொட்டியும் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு.

கேம் செய்யக் கற்றுக்கொள்ள இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொடிசுகள் உன்னிடம் வருகிறார்களே, கம்ப்யூட்டரைத் தயார் பண்ணி வைக்கலாம் என்றுதான் நேற்று நீ கேம் செய்யும் மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டேன். "உங்கள் பழைய கேமைப் புதிய முறைக்கு மாற்றலாமா?" என்று அது கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் யாராவது அனுமதி கேட்டு எத்தனை காலமாயிற்று! ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். லீவு முழுக்க கேமுக்குள் நீ கட்டிய தரையெல்லாம் காணாமல் போய், உன் பூனை விழுந்துகொண்டே இருந்தது.

நீ கண் கலங்கி நின்றாய். நானோ, "பூனை இந்நேரம் பூமிக்கு அந்தப் பக்கம் போய், ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும்" என்று கதை விட்டேன். பட்டனை அமுக்கியதைவிட அதுதான் பெரிய தப்பு.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டேன். "மாறினது மாறினதுதான், பெரியவரே" என்று கையை விரித்துவிட்டார். பழைய பதிப்பைத் திரும்பப் போட்டிருக்கிறேன். வேறெதையும் தொடவில்லை.

தாத்தா

பி.கு: ஒன்றைத் தொட்டேன். ஆரம்பப் பாடத்தைப் பார்த்து, ஒரே ஒரு பலகை தரை போட்டேன். கோணல்தான். பிடிக்காவிட்டால் அழித்துவிடு.

இன்னொன்று: நேற்று நீ கத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாய். பிள்ளைகள் வரும்போது குறுக்கே நிற்க வேண்டாமென்று பூங்காவுக்குப் போகிறேன். அவர்கள் போனதும் வந்து, ஆசை தீரத் திட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போ.