எடைக்குப் போகாத வால்வுகள்

செவ்வாய், இரவு

ஜெயித்துவிட்டேன்! மூடப்பட்ட எண்ணெய்க் குழாய்ப் பாதையிலிருந்து கழற்றிய ஆறு வால்வுகளை நான் ஏலத்தில் எடுத்ததிலிருந்து, பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மச்சான் நச்சரித்துக்கொண்டே இருந்தான்: "இம்புட்டுத் துரு! எடைக்குப் போட்ரு மாப்ள." நான் கேட்கவில்லை. பிரித்து, துடைத்து, சீல் மாற்றினேன்.

இன்று என் கப்பலூர் ஷெட்டுக்கு, வால்வு வாங்க ஒரு மில் இன்ஜினியர் வந்தார்; வேடிக்கை பார்க்க மச்சானும் வந்துவிட்டான். ஒவ்வொரு வால்வையும் மூடி, அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, அடியில் செய்தித்தாள் விரித்தோம். ஒழுகினால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து தேறின. ஆறாவதில் தாள்மேல் ஒரு சொட்டு விழுந்தது. எனக்கு உயிரே போயிற்று. பார்த்தால், குனிந்து நின்ற மச்சானின் நெற்றி வியர்வை!

"தள்ளி நில்லுங்கண்ணே" என்று சிரித்த இன்ஜினியர், ஆறையும் வால்வு விலைக்கே எடுத்துக்கொண்டார்.

பழைய பேப்பரையும் எடைக்கு வாங்குகிற மச்சான், அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.