உரசலில் போன ஆறு மில்லிமீட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தையல் மிஷின் மிதிப்பதைக் குறைத்தாயா, இல்லை டாக்டரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாயா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து. நீளம் குறைத்த ஒரு வேனுக்கு டிரைவ் ஷாஃப்டை, அதாவது சக்கரங்களைச் சுழற்றும் இரும்புத் தண்டை, வெட்டி வெல்டிங்கில் இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. இந்த வெல்டிங்குக்கு நெருப்பும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஒரு துண்டைச் சுழலவிட்டு இன்னொன்றை அதன்மேல் அழுத்தினால், உரசும் சூட்டிலேயே இரண்டும் ஒன்றாகிவிடும். கேட்ட நீளத்துக்குக் கச்சிதமாக வெட்டி இணைத்தேன். அளந்து பார்த்தால் ஆறு மில்லிமீட்டர் குட்டை! உரசும்போது இரும்பு கொஞ்சம் பிதுங்கி வீணாகும் என்பதை மறந்தே போனேன்.

ஃபோர்மேன் திட்டவில்லை. "ஏம்ப்பா, உங்க வீட்டுல யாரும் துணி தைச்சதே இல்லியா? தையலுக்குன்னு கொஞ்சம் விட்டுத்தானே வெட்டுவாங்க?" என்றார். என் அம்மாவே தையல்காரி என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினேன். மறுநாள் வேறு ஷாஃப்ட் செய்து கொடுத்துவிட்டேன்.

வேலைச் சட்டை இரண்டு தைத்து அனுப்பு. நான் ஒன்றும் இளைக்கவில்லை. ஆனாலும் பழைய அளவில் இரண்டு அங்குலம் குறைத்தே வெட்டு.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். லீவு பத்து நாள் தருகிறார்களாம். வரப் போகவே நான்கு நாள் போய்விடும். அதனால் தையலுக்கும் விட்டுப் பதினான்கு நாள் கேட்டிருக்கிறேன், அம்மா.

உன் மகன்